கடல் பக்கத்து ஜன்னல்

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் வெளியே ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், அதைத்தான் பார்க்கிறார்கள். மைனஸ் ஏழு என்றால் ஒரு உடுப்பு. மைனஸ் இருபது என்றால் வேறு உடுப்பு. கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் எனக்கு வெல்டிங் வேலை. அங்கே போனதும் முதல் பேச்சே அந்த எண்தான். கூட வேலை செய்யும் ஹன்னு, "உன் வீட்டில் எத்தனை?" என்பான். பார்க்கவில்லை என்பேன். பார்க்காமல் எப்படி வெளியே வந்தாய் என்று கேட்பான். நானும் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஊருக்கே வெந்நீர் காய்ச்சி அனுப்பும் கூடம் ஒன்று இங்கே உண்டு. அதன் புகைபோக்கி தூரத்தில் தெரியும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் ஹன்னுவும் என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "தீப் பிடித்துவிட்டதா?" என்றான். இல்லை, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன் என்றேன். "எதற்கு?" என்றான். எனக்குத் தெரிந்த பின்லாந்து பாஷையில் அதற்குப் பதில் இல்லை. நம் பாஷையில் இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன், நீட்டி எழுத வராது.

எண்ணூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குப்பத்துக்கு வடக்கே அனல் மின் நிலையம். மேற்கே மணலி, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். தெற்கே துறைமுகம், கன்டெய்னர் லாரி. கிழக்கே மட்டும் கடல். அதனால் எங்களுக்கு வெயில், மழை எல்லாம் பிறகுதான். காற்றுதான் முதல். வாடை என்கிற வடகாற்று அடித்தால் சாம்பல் வரும். காயப்போட்ட பள்ளிச் சட்டையில் உட்காரும், குடத்துத் தண்ணீரில் மிதக்கும். கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் மணலி நாற்றம் வரும், கண் எரியும். கடல் காற்று வந்தால்தான் ஜன்னலைத் திறப்போம். அது மத்தியானத்துக்கு மேல் வரும். பொழுது சாய்ந்ததும் போய்விடும். என் அப்பா காலத்தில் இந்தப் பெயர்கள் எல்லாம் மீனுக்கானவை. எந்தக் காற்றில் எது படும், எப்போது படகை இறக்கலாம் என்பதற்கு. எங்கள் காலத்தில் அதே பெயர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டன.

என் மகள் அமுதாவுக்கு ஒன்பது வயது. பால் பல் விழுவதற்கு முன்பே வீசிங் வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதும். என் மனைவி செல்விக்கு அந்தச் சத்தம் அடுப்படியில் இருந்தாலும் கேட்டுவிடும். காலையில் அவள் வாசலில் நின்று எதிர் வீட்டைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, காத்து எங்கேர்ந்து?" "மணலிதான். மூடு, மூடு." உடனே துண்டை நனைத்து, பிழிந்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். அமுதா அந்தத் துண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். மத்தியானம் கடல் காற்று வந்ததும் அந்தத் துண்டு லேசாக உள்ளே உப்பும். அதுதான் அடையாளம். துண்டை எடுத்துவிட்டு ஜன்னலை விரியத் திறப்போம். அமுதா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை ஆவென்று திறந்து நிற்பாள். எங்கள் வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்கும். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பாதி நாள் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "மருந்து தரேன், ஆனா நீங்க காத்த மாத்தணும்" என்றார். காற்றை எப்படி மாற்றுவது? ஊரை மாற்றலாம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். முதலில் நான், வேலை நிலைத்ததும் அவர்கள் இரண்டு பேரும் என்று திட்டம்.

இங்கே வாரத்தில் ஒரு மாலை எங்களுக்குப் பாஷை சொல்லிக்கொடுக்கிறார்கள். ரீத்தா என்று ஒரு டீச்சர். ஒரு நாள் அவர், உங்களுக்கு ரொம்பப் பிடித்த வானிலை எது, ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொல்லுங்கள் என்றார். ஒரு வியட்நாம் பெண் மழை என்றாள். உக்ரைன்காரர் ஒருவர் ஏப்ரல் மாதம் என்றார். பிறகு, இங்கத்து ஏப்ரல் இல்லை, எங்கள் ஊர் ஏப்ரல் என்று திருத்திக்கொண்டார். என் முறை வந்தது. "மெரிதூலி" என்றேன். கடல் காற்று என்று அர்த்தம். ரீத்தா சிரித்தார். யாரும் அதைக் கேட்க மாட்டார்களே என்றார். நாள் முழுவதும் மெரிதூலி வேண்டும், காலையிலும் வேண்டும், ராத்திரியும் வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஓ! நீங்கள் பாய்மரப் படகு விடுவீர்களா?" என்றார். இங்கே வசதியானவர்கள் கோடையில் விளையாட்டுக்குப் படகு விடுகிறார்கள். என் அப்பாவிடம் படகு இருந்தது என்றேன். "அதுதானே பார்த்தேன்" என்றார். வகுப்பே என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தது. அதற்குமேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். எனக்கு வேண்டிய வானிலை இதுதான். வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டட்டும். வேர்வை எனக்குப் பழக்கம். காலையில் எழுந்ததும் யாரும் யாரையும் பார்த்துக் காற்று எங்கிருந்து என்று கேட்கக் கூடாது. ஜன்னல் ராத்திரியும் திறந்தே இருக்க வேண்டும். கடல் காற்று பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போகக் கூடாது. காற்றில் உப்பு இருக்கட்டும், மீன் வாடை இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம். நடுநடுவே ஒரு மழை பெய்து மரத்து இலையைக் கழுவிவிட்டால் போதும். எங்கள் தெருவில் இருக்கிற வேப்பமரம் பச்சை நிறம் என்று அமுதா கண்ணால் பார்க்க வேண்டும். இது பெரிய ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதிரி வானிலையை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். புயல் வந்த வாரம். மின்சாரம் இல்லை. ஆலைகளில் வேலை இல்லை. புகைபோக்கிகள் எல்லாம் சும்மா நின்றன. கிழக்கிலிருந்து ராப்பகலாகக் கடல் காற்று. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசி நனைந்துவிட்டது. அமுதாவை அலமாரி மேல் உட்கார வைத்திருந்தோம். அங்கே உட்கார்ந்து அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். விசில் இல்லை. பக்கத்து வீட்டு மணி பாத்திரத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் வந்தான்.

"இன்னா மாமு, வூட்டுக்குள்ள கடலு பூந்துகீது, நீ சிரிச்சிகினு கீற?"

"கொயந்தைக்கு மூச்சு நல்லா கீதுடா."

"அப்டியா? அப்போ தெனம் புயலு வரட்டும்னு வேண்டிக்கோ. நாங்க தென்னமரத்து மேல குந்திக்கிறோம்."

செல்வி உள்ளே இருந்து கத்தினாள். "வேண்டிக்கத்தான் போறேன். நீ இப்பவே மரத்த புடிச்சி வை."

தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் புகைபோக்கி புகைந்தது. அதற்கு மறுநாள் விசில் வந்தது.

இங்கே எனக்கு வேலை நிலைத்து, குடும்பத்தை அழைத்துவர அனுமதியும் கிடைத்தது. வீடு பார்க்கப் போனேன். வாடகைக்கு விடுகிறவர் இரண்டு வீடு காட்டினார். ஒன்று மேட்டுக்குப் பின்னால், காட்டோரம். மரங்கள் சுவர் மாதிரி நின்றன. ஒரு இலை ஆடவில்லை. இன்னொன்று கடலைப் பார்த்தபடி, கரையிலேயே. இரண்டு ஜன்னல் நேராகக் கடல் பக்கம். அவர் கையை வீசிக் காட்டி, இங்கே மெரிதூலி இருக்கும், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் எச்சரிக்கை செய்தார். நான் அதைப் பெருமையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த நல்ல காற்று அது ஒன்றுதான். கரை வீடே வேண்டும் என்றேன். ஹன்னுவிடம் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான். "அங்கே கோடையில் போய் ஐஸ்கிரீம் சாப்பிடு. குளிர்காலத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்" என்றான். வசதிக்குப் பழகினவர்கள், காற்றின் அருமை இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

தை கடைசியில் அவர்கள் வந்தார்கள். அதற்குள் கடல் உறைந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் கடல் குளிர்காலத்தில் கல் மாதிரி ஆகிவிடும். மேலே ஆள் நடக்கலாம். வந்த மறுநாள் அமுதா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

"நைனா, கடலு எங்க?"

"இதான்."

"பொய். இது கிரவுண்டு."

கூட்டிக்கொண்டு போய் மேலே நடக்க வைத்தேன். செல்வி கரையிலேயே நின்றுவிட்டாள். "கடலம்மா மேல பூட்ஸ் காலோட நடக்குறீங்களே, வெளங்குமா?" என்றாள். பிறகு குனிந்து பனிக்கட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளும் வந்தாள். அன்றைக்குக் காற்றே இல்லை. புகை நேராக மேலே போனது. அமுதா வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முழுவதும் காற்று அசையவில்லை. இன்ஹேலர் பைக்குள்ளேயே இருந்தது. செல்வி ஜன்னல் கட்டையை விரலால் துடைத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். சாம்பல் இல்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு நன்றாகத் தூங்கினது அந்த வாரம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை புகை சாய்ந்திருந்தது. கடலை விட்டு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படி என்றால் கடலிலிருந்து காற்று. எனக்கு மனசு குதித்தது. "செல்வி, கடல் காத்து வந்துடுச்சி. தொற" என்றேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு ஜன்னலையும் திறந்தாள். அமுதா படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணூரில் நிற்கிற மாதிரியே, வாயை ஆவென்று திறந்து நின்றாள். வெப்பமானி அவள் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. மைனஸ் இருபத்திரண்டு. எங்கள் மூன்று பேரில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இருமல் ஒன்று வந்தது. பிறகு இருமலுக்கும் மூச்சில்லை. உதடு நீலமாகிவிட்டது. இன்ஹேலரை இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தியும் உள்ளே போகவில்லை. செல்வி அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விலாசத்தைச் சொல்லும்போது தெருப் பெயர் நாக்கில் வரவில்லை. கடல், கடல் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சு திரும்பியது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் என்னிடம், என்ன நடந்தது என்று கேட்டார். ஜன்னலைத் திறந்தோம் என்றேன். ஏன் என்றார். நல்ல காற்று வந்தது என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி அதையே சொன்னேன். அவர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்து ஆள்.

"அண்ணை, ஏன் ஜன்னலைத் திறந்தனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறா."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாடை, கச்சான், மணலி, துண்டு, எல்லாம். அவர் கடைசி வரைக்கும் குறுக்கிடவில்லை.

"அண்ணை, இதை நான் இவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"எப்டியாவது சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் அவ்வளவு நேரம் பேசினது அவர் வாயில் நான்கு வார்த்தையாக ஆனது. டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் பேசினார். எங்கள் காற்று சுத்தம்தான், ஆனால் ஏற்கெனவே புண்ணான மூச்சுக் குழாய்க்கு இந்தக் குளிர் ஆகாது, உறைந்த கடல் மேலே வருகிற காற்று இன்னும் மோசம். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் வெளியே அனுப்பாதீர்கள். அதற்கு மேலே இருந்தாலும் வாயை மூடித் துணி கட்டுங்கள். ஏப்ரல் வரைக்கும். ஒவ்வொரு வருஷமும். காட்டோர வீடு காலியாக இருக்கிறதா என்று விசாரித்தேன். வேறு குடும்பம் வந்துவிட்டது என்றார்கள். கிடைத்திருந்தாலும் காற்றுத்தான் குறையும், குளிர் குறையாது என்று ஹன்னு சொன்னான்.

கடல் பக்கத்து ஜன்னல் இரண்டையும் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டினேன். செல்வி பக்கத்தில் நின்று டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

"அங்க கடல் பக்கம் தொறப்போம், மத்த பக்கம் மூடுவோம். இங்க கடல் பக்கமே மூடுறோம். இன்னாயா உன் கணக்கு?"

"கோட வரட்டும். அப்போ தொறக்கலாம்."

"கோட எத்தினி மாசம்?"

"மூணு."

"மிச்ச மாசம் பூரா கொயந்தைய டப்பாவுல போட்டு மூடி வெக்கணுமா? அங்கயாவது மத்தியானத்துக்கு மேல வெளிய வுடுவேன்."

"அங்க சாம்பலு கீது."

"கீது. எனக்குத் தெரிஞ்ச சாம்பலு. எப்போ வரும், எப்போ போவும்னு எனக்குத் தெரியும். இந்தக் குளிரு எப்போ இன்னா பண்ணும்னு யாருக்குத் தெரியும்? உனக்கே தெரியல."

நான் ஒட்டின டேப்பையே விரலால் மறுபடி அழுத்தித் தேய்த்தேன். அமுதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நைனா, எந்த ஊர்லதான் எனக்கு நல்ல காத்து?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். உலகப் படத்தில் தேடிப் பார்க்கலாம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அவள் வாயில் கம்பளித் துணி கட்டி, கண் மட்டும் தெரிய, ஒரு தடவை கடைக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் விசில் வந்தது. திரும்பிவிட்டோம். மாசி முடிவதற்குள் அவர்களை விமானம் ஏற்றினேன். செல்வி போகும்போது, "அய்யோனு குந்திகினு கெடக்காத. சோறு ஆக்கித் துன்னு" என்றாள். நான் அங்கேயே போய்விடலாம்தான். போனால் அமுதாவின் மருந்துக்கு என்ன செய்வது? அங்கே இருந்தால் மருந்துக்கு வழியில்லை. இங்கே இருந்தால் மகள் பக்கத்தில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் நிறைய பேர் இப்படித்தான் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டாம்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இங்கே காலை காப்பி நேரம், அங்கே மத்தியானம். செல்வி போன் பண்ணுவாள். அதிகம் பேச மாட்டாள். போனை அமுதாவின் நெஞ்சில் வைத்துவிடுவாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்பேன். உள்ளே போகிற மூச்சு, வெளியே வருகிற மூச்சு. விசில் இல்லை என்றால் "சரி" என்பேன். "சரியாம்" என்று செல்வி அவளிடம் சொல்வது கேட்கும். போனை வைத்துவிடுவாள். அதோடு அன்றைய பொழுது எனக்குப் போய்விடும்.

நேற்று பங்குனி வெயில் அங்கே. இங்கே கடல் இன்னும் பனிதான். பட்டறைக்குள் கிரைண்டர் சத்தம் அதிகம் என்று நான் வெளியே, கப்பலைக் கட்டி நிறுத்துகிற மேடை ஓரத்துக்கு வந்து நின்றேன். செல்வி, "இன்னும் கடல் காத்து வரல. மேக்காலதான் அடிச்சிகினு கீது. நீயே கேளு" என்றாள். போனை அமுதாவின் நெஞ்சில் வைத்தாள். கேட்டேன். விசில் மாதிரி ஒன்று கேட்டது. மெல்லியதாக, நீளமாக. உறைந்த கடல் மேலிருந்து காற்று நேராக வந்து மேடைக் கம்பிகளுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. சத்தம் அங்கிருந்தா, இங்கிருந்தா என்று தெரியவில்லை. பின்னால் ஹன்னு காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டான். நான் போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, இடது காதைக் கையுறையோடு இறுக்கிப் பொத்தினேன். இந்த ஊர்ச் சத்தம் எல்லாம் நின்றது.

விசில் நிற்கவில்லை.